மொய்க்கு நோட்டு இருக்கிறது, கடனுக்கு எங்கே?

கடன் தொடர்பான வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மதுரையில் 31 வருடம் வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா. கேள்வி அனுப்பியவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை.

கேள்வி: அம்மா, எனக்கு 39 வயது. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். சம்பளம் 22,000. மனைவி வீட்டில் தையல் மிஷின் போட்டு மாதம் 6,000 வரை பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு தங்கச்சி மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் செய்ய ஒரு லட்சம் அஞ்சு வட்டிக்கு வாங்கினேன். அந்த வட்டியைக் கட்ட கிரெடிட் கார்டு, கார்டுக்குக் கட்ட தண்டல் என்று போய்விட்டது. இது போக பேங்க் லோன், அடகு நகை, மனைவி பெயரில் குழுக் கடன். நகையும் குழுக் கடனும்தான் அவளுக்குத் தெரியும். ஒருவர், "எல்லாக் கடனையும் பாதிக்கு முடித்துத் தருகிறேன். முன்பணமாக 25,000 கட்டுங்கள். இன்றிலிருந்து யாருக்கும் தவணை கட்டாதீர்கள், சிம் கார்டை மாற்றிவிடுங்கள்" என்கிறார். நம்பிப் போகலாமா? இதற்கென்று முறையாக யாரைப் பார்ப்பது? வெளியில் தெரிந்தால் கடையில் மரியாதை போய்விடுமே என்று பயமாக இருக்கிறது.
(செல்லூர் வாசகர்)

பதில்: தம்பி, அந்த ஆளிடம் போகாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதி அனுப்பிய கணக்கை என் மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பேங்க் லோனுக்குத் தவணை 5,200. கிரெடிட் கார்டில் 92,000 பாக்கி, அதற்கு மினிமம் 4,600. அஞ்சு வட்டிக்கு 5,000. தண்டலுக்கு தினம் 200 வீதம் மாதம் 6,000. குழுக் கடனுக்கு 2,700. ஆறு பவுன் நகை ஒன்றரை லட்சத்துக்கு இரண்டு வட்டியில் அடகு, அதற்கு 3,000. கூட்டினால் 26,500. வீட்டுக்கு வருவது 28,000. மிச்சம் 1,500 ரூபாயில் வாடகையும் அரிசியும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் எப்படி நடக்கும்? நடக்காது. அதனால்தான் ஒவ்வொரு மாதமும் புதிதாக எங்கேயாவது கை நீட்ட வேண்டியிருக்கிறது. நீங்கள் ஊதாரி இல்லை தம்பி. இந்தக் கணக்கு எவர் கையில் இருந்தாலும் இப்படித்தான் போகும்.

தாளில் ஆறு கடன் இருக்கிறது. ஏழாவது ஏதாவது இருக்கிறதா? காரணத்தோடுதான் கேட்கிறேன்.

1996-ல் நான் மதுரைக்குள்ளேயே ஒரு கிளையில் கவுன்ட்டரில் இருந்தேன். ஒருநாள் பதினோரு மணிக்கு டோக்கன் வரிசையில் நின்று ஒருவர் என்னிடம் வந்தார். கையில் பாஸ்புக் இல்லை. "சார் மூணு மாசமா வட்டி தரலை, கடைப்பக்கம் போனா ஆளே இல்ல, அதான் உங்களையே பாத்துட்டுப் போலாம்னு" என்றார். சார் என்றது என் கணவரை. கீழமாசி வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தார். அடுத்தவர் பணத்தை நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்த எனக்கு என் வீட்டுக் கடன் தெரியவில்லை. அன்று ராத்திரி கேட்டேன். நாலு கடனைச் சொன்னார். அழுதார். ஐந்தாவது மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. அது என் தம்பியிடம் வாங்கியது. அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

எங்கள் கிளையில் ஓய்வு பெற்ற ஹெட் கேஷியர் ஒருவரிடமும், நீதிமன்றத்தில் ஒரு வக்கீலிடமும் போனோம். எனக்கே வங்கி வேலைதான், இருந்தாலும் என் வீட்டுக் கணக்கை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. கோபமும் பயமும் நடுவில் நின்றன. அந்தப் பெரியவர் நோட்டைத் திறந்து வைத்துச் சொன்ன முதல் வார்த்தை: "வீட்ல சொல்லாத கடன் எதுவோ, அதை முதல்ல எழுதுங்க." பிறகு ஓய்வு பெற்று நான் கடன் ஆலோசனைக்கு உட்கார்ந்தபோது, வந்தவர்களிடமெல்லாம் இதையேதான் சொன்னேன். முதல் நாளில் முழுக் கணக்கையும் சொன்னவர்கள் மிகக் குறைவு. ஒரு கடனாவது உள்ளேயே நிற்கும். அதுதான் மற்ற கடனையெல்லாம் வளர்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய ஆள் உங்கள் மனைவி. நிபுணரெல்லாம் அப்புறம். பிள்ளைகள் தூங்கியதும் காலண்டர் தாளை அவர் முன்னால் வையுங்கள். கோபப்படுவார், நியாயம்தானே. ஆனால் குழுக் கடனை மாதா மாதம் தவறாமல் அடைத்துக்கொண்டு வருகிறவர் அவர். அந்த வீட்டில் கடன் கட்டத் தெரிந்தவரை விட்டுவிட்டு வெளியாளிடம் 25,000 கொடுக்கக் கிளம்பியிருக்கிறீர்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். நம் ஊரில் மொய் நோட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் எந்தக் காதுகுத்துக்கு யார் 101 எழுதினார், யார் அண்டா வைத்தார் என்று பெட்டியைத் திறந்தால் சொல்லிவிடலாம். திருப்பிச் செய்யும்போது ஒரு ரூபாய் குறையாது. செய்முறையில் இவ்வளவு நேர்மையாக இருக்கிற நாம், அந்தச் செய்முறைக்காக வாங்கின கடனை மட்டும் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. தங்கச்சி மகளுக்குச் சீர் செய்ததைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வராது. தாய்மாமன் முறைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஒரு லட்சத்துக்குப் பதில் இருபதாயிரத்தில் செய்திருந்தாலும் நீங்கள் தாய்மாமன்தான் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த இரண்டு வருடத்துக்கு வருகிற பத்திரிகைகளுக்கெல்லாம் நேரில் போய் நில்லுங்கள், கையில் இருப்பதை எழுதுங்கள்.

இப்போது அந்த அஞ்சு வட்டியைப் பார்ப்போம். நூற்றுக்கு மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு 60 சதவீதம். 26 மாதமாக 5,000 வீதம் 1,30,000 கட்டிவிட்டீர்கள், அசல் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டில் தனிநபர் அடமானமில்லாமல் கொடுக்கும் கடனுக்குச் சட்டம் அனுமதிக்கிற வட்டி வருடத்துக்கு 12 சதவீதம்தான். அந்தக் கணக்கில் ஒரு லட்சத்துக்கு 26 மாத வட்டி 26,000. அசலோடு சேர்த்து 1,26,000. அதைவிட நாலாயிரம் கூடவே நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் உங்களை மாதிரி ஆட்களுக்காக வந்ததுதான். அதிக வட்டி வாங்கியது நிரூபணமானால் மூன்று வருடம் வரை சிறை உண்டு. கடன் வாங்கியவரே நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பணத்தை அங்கே கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளும் வழியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே வட்டியை நிறுத்திவிடாதீர்கள். வெற்று செக்கும் புரோநோட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் செக்கை வங்கியில் போட்டு அது திரும்பினால் செக் மோசடி வழக்கு வரும். அதில் இரண்டு வருடம் வரை சிறைக்கும், செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதத்துக்கும் இடம் இருக்கிறது. அதனால் வக்கீலைப் பார்த்த பிறகுதான் எதுவும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் முதலில் பேசியும் போகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் வருகிறவர்களுக்கும் உண்டு. மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். வட்டியை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்த விவரத்தையெல்லாம் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். உங்கள் வழக்கில் பெரிய ஆயுதம் அதுதான். இதுவரை ரொக்கமாகக் கொடுத்திருந்தால், இனி ஒரு ரூபாயும் ரொக்கமாக வேண்டாம். நோட்டீஸ் எது வந்தாலும் வாங்காமல் திருப்பாதீர்கள். செக் நோட்டீஸுக்கு 15 நாள்தான் அவகாசம். அதற்குள் வக்கீல் கையில் அது இருக்க வேண்டும்.

மற்ற ஐந்து கடனுக்கு வங்கிப் பக்கத்து ஆலோசகரைப் பாருங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும், அங்கே வங்கிகளின் வேலையை ஒருங்கிணைக்க ஒரு முன்னோடி வங்கி உண்டு, மதுரைக்குக் கனரா வங்கி. வங்கிகள் நடத்தும் நிதிசார் கல்வி மையங்களில் கடன் ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் சம்பளக் கணக்கு இருக்கிற கிளையில் கேட்டாலே பக்கத்து மையம் எது என்று சொல்வார்கள். அங்கே உங்களைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது ஆசிரியர் வந்திருக்கிறார், காவலர் வந்திருக்கிறார், வங்கியில் வேலை பார்ப்பவரே வந்திருக்கிறார். யார் வந்தார் என்று என் வீட்டிலும் சொன்னதில்லை.

போகும் முன் மூன்று கணக்கை உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள். கார்டில் பெரும்பாலும் மாதம் மூன்றரை சதவீதம் வட்டி. 92,000-க்கு 3,220. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஏறக்குறைய 580. ஆக 3,800. நீங்கள் கட்டுகிற 4,600-ல் கடன் குறைவது எண்ணூறு ரூபாய்தான். அடுத்தது தண்டல். 20,000 என்று எழுதி 17,000 கையில் கொடுத்து, நூறு நாளில் 20,000 வாங்குகிறார்கள். தினமும் அசலும் குறைந்துகொண்டே போவதைக் கணக்கில் எடுத்தால் வருடத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். நகைக்கு இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24. அதே நகையை அரசு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்தால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் குறைவு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். நகையை மீட்டு, இரண்டு பவுனை விற்றுவிடுவேன். ஆமாம், விற்பதுதான். நம் வீடுகளில் அடகு வைப்பதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள், விற்றால் குடும்பமே கவிழ்ந்த மாதிரி பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து வருடக்கணக்கில் வட்டி கட்டி, கடைசியில் நகை ஏலத்துக்குப் போன வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இன்று பவுன் விற்கிற விலையில் இரண்டு பவுன் போனால் கார்டும் தண்டலும் முழுசாக முடியும். மிச்சம் நாலு பவுனை வங்கியில் வைத்தால் ஒன்றரை லட்சம் தாராளமாகக் கிடைக்கும். மீட்பதற்கு ஓரிரு நாள் கைமாற்று வேண்டியிருக்கும். உங்கள் மச்சானையோ மாமனாரையோ கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், கடையில் இன்னொரு வட்டிக்காரரிடம் வாங்காதீர்கள். நகை உங்கள் மனைவியுடையது. முடிவு அவருடையது. அவர் வேண்டாம் என்றால் வேறு வழி ஆலோசகரிடம் கேட்கலாம்.

இது நடந்தால் மாதம் 26,500 போய்க்கொண்டிருந்த இடத்தில் பேங்க் லோன், குழுக் கடன், வங்கி நகை வட்டி மூன்றும் சேர்ந்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். அஞ்சு வட்டிக்காரர் கணக்கு வக்கீல் கையில். கார்டை முடித்த கையோடு வெட்டிப் போட்டு, கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். "குறைத்துக் கட்டி செட்டில் செய்யுங்கள்" என்று வங்கியே கூப்பிடலாம். அப்படி முடித்தால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும், அடுத்த கடனுக்கு அது தடையாக நிற்கும். முழுசாகக் கட்ட முடிகிறவர் முழுசாகவே கட்டுவது நல்லது. முடியவே முடியாதவர்களுக்கு செட்டில்மென்ட் குற்றமில்லை. அவர்கள் வங்கியிடமிருந்து கடிதம் வாங்காமல் மட்டும் பணம் கட்டக் கூடாது.

அந்த 25,000 கேட்கிற ஆள் சொன்னதை இப்போது திரும்பப் படியுங்கள். தவணை கட்டாதே, சிம்மை மாற்று. நீங்கள் ஓடி ஒளிந்தால் வங்கி உங்களோடு பேசாது, கோர்ட்டோடு பேசும். செக் திரும்பும், குழுக் கடனில் மனைவியோடு சேர்ந்த பெண்கள் வாசலுக்கு வருவார்கள். அந்த ஆள் உங்கள் 25,000-ஐ எடுத்துக்கொண்டு போயிருப்பார். கடனில் இருப்பவரிடம் முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வசூலுக்கு வருகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வங்கி, நிதி நிறுவன வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. குழுக் கடனுக்கு அது 9 மணி முதல் 6 மணி வரை. கடைக்கு வந்து முதலாளியிடம் சொல்லுவேன் என்று மிரட்டினால் தேதி, நேரம் எழுதி முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம், 14448-ல் விவரம் சொல்வார்கள்.

மனைவியிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தம்பி. காத்திருப்பேன்.

கேள்வி: அக்கா, மேலூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன், வயது 24. போனில் வந்த ஒரு ஆப்பில் 5,000 கடன் கேட்டேன். 3,100 தான் அக்கவுன்ட்டில் வந்தது, ஏழாவது நாள் 5,000 கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டேன். இன்னும் பாக்கி என்று தினமும் மிரட்டுகிறார்கள். என் போட்டோவை அசிங்கமாக மாற்றி போனில் இருக்கும் எல்லா நம்பருக்கும் அனுப்புவேன் என்கிறார்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் செத்துவிடலாம் போல இருக்கிறது.
(மேலூர் வாசகி)

பதில்: கண்ணு, கடைசி வரியைப் படித்துவிட்டு இந்தப் பதிலைத்தான் முதலில் எழுதினேன். அந்த எண்ணம் இப்போதும் இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடு. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104-லும் பேசலாம். பேசிவிட்டு மிச்சத்தைப் படி.

இனி அவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதே. கட்டக் கட்டத்தான் கேட்பார்கள், அதுதான் அவர்கள் தொழில். வந்த மெசேஜ், கால் நம்பர், பணம் போன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. அப்புறம் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடு, அது சைபர் குற்றத்துக்கான எண். புகார் எண்ணைக் குறித்துக்கொள். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை நீக்கிவிட்டு ஆப்பையும் நீக்கு. கடன் ஆப்கள் போனில் இருக்கிற நம்பர்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. தப்பு செய்தது அவர்கள், நீ இல்லை.

அவர்கள் அனுப்பும் முன் நீயே சொல்லிவிடு. "என் போனை ஹேக் செய்து பொய்ப் படம் அனுப்புகிறார்கள், திறக்காதீர்கள், சைபர் புகார் கொடுத்திருக்கிறேன்" என்று ஸ்டேட்டஸ் வை. அப்பாவிடம் நேராகச் சொல்லப் பயமாக இருந்தால் முதலில் அம்மாவிடமோ சித்தியிடமோ சொல்லி, அவர்களை வைத்துக்கொண்டு சொல். இருபது வருடத்தில் என் முன் உட்கார்ந்து அழுத அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் பிள்ளை வாங்கிய கடனுக்காக அழவில்லை. "எங்கிட்ட சொல்லலையே" என்றுதான் அழுதார்கள்.

கேள்வி: என் மகனுக்கு மினி லாரி தொழிலில் நஷ்டம். ஒன்பது லட்சம் கடன். "ஐ.பி. போட்டு மஞ்சள் நோட்டீஸ் விட்டுவிடு, அதற்கு முன் அறுபது சென்ட் நிலத்தை மனைவி பேருக்கு எழுதிவிடு" என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். செய்யலாமா? என் பெயரில் இருக்கும் வீட்டுக்கு ஆபத்து வருமா?
(திருமங்கலம் வாசகர்)

பதில்: ஐயா, ஐ.பி. என்பது 1920-ஆம் வருடத்து திவால் சட்டப்படி கோர்ட்டில் போடுகிற மனு. இன்றும் தனிநபருக்கு நம் பக்கத்தில் அந்தச் சட்டம்தான். நேர்மையாகக் கொண்டுபோனால் ஐ.பி. ஒரு வழி, சந்தேகமில்லை. சப் கோர்ட்டில் சொத்து எவ்வளவு, கடன் யார் யாருக்கு என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு சொத்து கோர்ட் நியமிக்கிற ரிசீவர் கைக்குப் போகும்.

நிலத்தை எழுதி வைக்கிற யோசனையை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். கடன்காரர்களை ஏமாற்ற எழுதிய பத்திரத்தைக் கோர்ட் ரத்து செய்யும், ஐ.பி. போடும் முன் இரண்டு வருடத்துக்குள் சும்மா எழுதிக் கொடுத்ததாக இருந்தாலும் ரத்து செய்ய வழி இருக்கிறது. சொத்தை மறைத்தால் தண்டனையும் உண்டு. லாரி மேல் வாங்கிய கடனுக்கு ஃபைனான்ஸ்காரர் லாரியை எடுப்பதை ஐ.பி. தடுக்காது. செக் வழக்கு இருந்தால் அதுவும் இதனால் முடியாது. ஐ.பி.க்கு முன்னால் மக்கள் நீதிமன்றத்தில் பேசிப் பார்க்க முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். அங்கே கோர்ட் கட்டணம் கிடையாது, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முடிந்தால் மேல்முறையீடும் கிடையாது.

உங்கள் வீட்டைப் பற்றி. மகனுடைய கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை, வீட்டுப் பத்திரத்தையும் எங்கேயும் வைக்கவில்லை என்றால் அந்த வீட்டை யாரும் தொட முடியாது. லாரி வாங்கியபோது "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து" என்று சொல்லி எதிலாவது போட்டீர்களா என்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். அந்தக் கையெழுத்து பல இடத்தில் ஜாமீன் கையெழுத்தாகத்தான் இருக்கும். ஃபைனான்ஸில் லோன் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வக்கீலைப் பார்க்கப் போகும் அன்று மகனோடு நீங்களும் அதை எடுத்துக்கொண்டு போங்கள்.